விரும்பிய நூலுக்குள் குடியேறலாமா? – ஜேன் ஆஸ்டினும் அவர்தம் வாசகரும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நகைச்சுவைக் காதல் திரைப்படம். மொழி மன்றத்தின் மேடையில் திரைப்படத்திற்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்தப் படம் வாசிப்பைப் பற்றியது. தனக்குப் பிடித்த எழுத்தாளரின் உலகத்திற்குள் சென்று வாழ்ந்துவிட வேண்டும் என்று ஏங்கும் ஒரு வாசகியின் கதை அது. நூலில் தோய்ந்து, நாள்முழுதும் அதையே எண்ணிக் கிடக்கும் மாணவரை நாம் எல்லாரும் அறிவோம். அவரைக் கண்டு ஆசிரியர் மகிழ்வதா, அஞ்சுவதா? நூலை வாங்கி வைத்துக்கொள்வதா, இன்னொரு நூலை எடுத்துக் கொடுப்பதா? இவ்வினாவிற்கு விடைகாண அந்தப் படமும், அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு புதினமும் நமக்குத் துணைசெய்யும்.

செப்புப் படியில் ஒரு விருந்தினர்

அமெரிக்க எழுத்தாளர் ஷானன் ஹேல் 2007ஆம் ஆண்டில் 'ஆஸ்டின்லேண்ட்' என்னும் புதினத்தை வெளியிட்டார். ஜெருஷா ஹெஸ் இயக்கத்தில் 2013ஆம் ஆண்டில் அது திரைப்படமாயிற்று. அதன் நாயகி ஜேன் ஹேய்ஸ் முப்பதுகளில் இருக்கும் அமெரிக்கப் பெண். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அவளுக்கு உயிர். செருக்கும் முன்முடிவும் என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அப்புதினத்தின் நாயகன் டார்சிக்கு நிகரான ஆண்மகன் எவனையும் அவள் தன் ஊரில் கண்டதில்லை. அவள் வீட்டில் டார்சியின் ஆளுயர அட்டை உருவம் ஒன்று நிற்கிறது.

தன் சேமிப்பைச் செலவிட்டு அவள் இங்கிலாந்துக்குப் புறப்படுகிறாள். அங்குள்ள ஒரு மாளிகையில் விருந்தினர்கள் ஆஸ்டின் காலத்து உடையை உடுத்தி, அக்கால முறைப்படி உண்டு, உரையாடி, நடனமாடிச் சில நாள் வாழலாம். கைப்பேசிக்கு அங்கே இடமில்லை. வருகின்ற பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காதற்கதை ஏற்பாடாகியிருக்கும். காதலராக நடிப்பவர்கள் ஊதியம் பெறும் நடிகர்கள்.

இந்த ஏற்பாட்டிலும் படிநிலை உண்டு. பெரும்பணம் கட்டியவர்க்குப் பிளாட்டினப் படி. ஹேய்ஸின் சேமிப்புக்குக் கிடைப்பதோ செப்புப் படி. செல்வமும் உறவும் அற்ற அநாதைப் பெண் என்னும் வேடம் அவளுக்குத் தரப்படுகிறது. பணியாளர் பகுதியில் அறை, மங்கலான உடை. அவளோடு வந்த மற்றொரு விருந்தினரோ ஆஸ்டினின் நூல்களில் ஒன்றைக்கூடச் சரியாக அறியாதவர், ஆனால் பணமுள்ளவர். அவருக்குப் பட்டாடையும் பெரிய அறையும் அமைகின்றன.

படம் பார்ப்போர் இவ்விடத்தில் நகைக்கின்றனர்; ஹேய்ஸின்மீது இரக்கமும் கொள்கின்றனர். என் கருத்தோ வேறு. ஏமாற்றப்பட்டதாக அவள் எண்ணும் அந்த நேரத்தில்தான் அவள் உண்மையாகவே ஆஸ்டினின் உலகுக்குள் காலடி வைக்கிறாள்.

ஆஸ்டினின் உலகில் பணம்

ஆஸ்டினின் புதினங்களை விரும்புவோர் பலர் அவற்றில் நினைவில் வைத்திருப்பவை நடனமும் தேநீரும் காதற் கடிதமும் ஆகும். நூலைத் திறந்து பார்ப்போமாயின் ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பமும் ஒரு தொகையோடு அறிமுகமாவதைக் காணலாம். டார்சியின் ஆண்டு வருமானம் 10,000 பவுன். அவன் நடன அரங்கினுள் நுழைந்த ஐந்து மணித்துளிக்குள் அச்செய்தி அரங்கம் முழுதும் பரவிவிடுகிறது. எலிசபெத்தின் தந்தை பென்னட்டின் ஆண்டு வருமானம் 2,000 பவுன். அவருக்கு ஐந்தும் பெண்கள். ஆண் வாரிசு இல்லை. ஆகவே அவருக்குப்பின் வீடும் நிலமும் காலின்ஸ் என்னும் உறவினனைச் சேரும். தாயின் காலத்திற்குப் பிறகு எலிசபெத்துக்கு வரக்கூடிய பங்கு 1,000 பவுன் அளவே. அவள் தோழி சார்லட் லூக்கஸ் 27 அகவையில், தான் சிறிதும் மதிக்காத காலின்ஸை மணந்துகொள்கிறாள். காதலை அவள் அறியாதவள் அல்லள். தலைக்குமேல் ஒரு கூரை வேண்டும் என்பதையும் அறிந்தவள்.

'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' புதினத்தின் நாயகி ஃபேனி பிரைஸ் செல்வரான உறவினர் வீட்டில் வளரும் ஏழைப் பெண். மாடத்துச் சிற்றறையில் படுக்கிறாள். பகலில் அவள் அமரும் அறையின் கணப்பில் குளிர்காலத்திலும் தீ மூட்டலாகாது என்பது அவள் பெரியம்மா இட்ட கட்டளை. செப்புப் படியின் இலக்கிய மூலம் இதுவே. ஹேய்ஸுக்குக் கிடைத்த மங்கிய அறை ஃபேனியின் அறைதான். தன்னை எலிசபெத்தாக எண்ணிக்கொண்டு வந்தவளை அந்த மாளிகை ஃபேனியாக ஆக்கிவிட்டது.

ஆஸ்டினின் வாழ்வும் இப்படியின் உயரத்தை நன்கறிந்த வாழ்வே. 1775ஆம் ஆண்டில் ஹாம்ப்ஷயர் வட்டாரத்து ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில், சமய குருவின் மகளாகப் பிறந்தார். 1802ஆம் ஆண்டில் வசதியுள்ள ஒருவர் அவரை மணம்பேசினார். இசைவு தந்த ஆஸ்டின் மறுநாள் காலையிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1805ஆம் ஆண்டில் தந்தை மறைந்தபின் தாயும் இரு மகள்களும் ஆண்மக்களின் உதவியை எதிர்பார்த்து வாழ வேண்டியதாயிற்று. 1809ஆம் ஆண்டில் உடன்பிறந்தார் ஒருவர் சாட்டன் என்னும் ஊரில் ஒரு வீடு தந்த பிறகே எழுத்துப்பணி நிலைபெற்றது. 1811ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்புதினத்தில் அவர் பெயர் இல்லை. ஒரு சீமாட்டி எழுதியது என்ற குறிப்பே இருந்தது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நூலின் உரிமையை அவர் விற்ற விலை 110 பவுன். 1817ஆம் ஆண்டில், 41 அகவையில், வின்செஸ்டரில் அவர் மறைந்தார். பேராலயத்தில் உள்ள அவரது கல்லறைக் கல், அவர் எழுத்தாளர் என்பதைக் குறிப்பிடவே இல்லை. இத்தகைய வாழ்விலிருந்து பிறந்த நூல்களை இன்று உலகம் கவலையற்ற இன்பப் புகலிடமாகக் கொள்வது எண்ணிப்பார்க்கத் தக்கது.

அந்தப் புகலிடத்தின் பெரும்பகுதி நூலிலிருந்து வந்ததும் அன்று. 1995ஆம் ஆண்டில் பிபிசி நிறுவனம் இப்புதினத்தை ஆறு பகுதிகளாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. அதில் டார்சியாக நடித்த காலின் ஃபிர்த் குளத்தில் நீந்தி, நனைந்த சட்டையோடு வந்து நிற்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஆஸ்டினின் நூலில் அக்காட்சி இல்லை. ஹேய்ஸ் வீட்டு அட்டை உருவத்தில் இருப்பதும் அந்த நடிகரின் முகமே. ஒரு நூலைப் போற்றுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, நூலின்மேல் பிறர் தீட்டிய ஓவியத்தைப் போற்றிக்கொண்டிருப்பதும் நேரக்கூடியதே. மாணவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

நடிப்பு எது, உண்மை எது

மீண்டும் மாளிகைக்குச் செல்வோம். ஹேய்ஸ் அங்கு இரு ஆடவரைச் சந்திக்கிறாள். ஒருவன் மார்ட்டின், குதிரைகளைப் பேணும் பணியாளன். நாடகத்தைச் சேராதவன்போல் தோன்றுகிறான். இக்கால மனிதனாக எளிமையோடு பழகுகிறான். மற்றவன் நோப்லி, செருக்கும் சிடுசிடுப்பும் உடையவன், டார்சியின் அச்சில் வார்க்கப்பட்டவன். முன்னவன் உண்மை, பின்னவன் வேடம் என்று ஹேய்ஸ் முடிவுசெய்கிறாள். இறுதியில் தெரியவருவது நேர்மாறானது. அவளுக்கென ஒதுக்கப்பட்ட நடிகன் மார்ட்டினே. நோப்லியோ தொழில்முறை நடிகன் அல்லன்; வரலாற்றுப் பேராசிரியன். மாளிகையின் உரிமையாளருக்கு உறவினன். அவன் காட்டிய அன்பில் நடிப்பு இல்லை.

இந்தத் திருப்பத்தை இன்பமுடிவுக்கான உத்தி என்று கடந்துவிடலாகாது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' புதினத்தின் நடுநாடியே இதுதான். அதில் விக்கம் இனியவன், நெருங்கிப் பேசுபவன். எலிசபெத் அவனை நம்புகிறாள். டார்சி இறுக்கமானவன், அவனை வெறுக்கிறாள். பொய்யன் விக்கம் என்பதும் நேர்மையாளன் டார்சி என்பதும் பின்னரே விளங்குகின்றன. ஹேய்ஸ் இந்நூலை எத்தனையோ முறை படித்தவள். ஆயினும் குதிரைக் கொட்டிலில் நின்றவன் விக்கம் என்பதை அவளால் அறிய முடியவில்லை. அவன் புதினத்து உடை உடுத்தி வரவில்லை என்பதே காரணம். டார்சியின் உடையும் நடையும் அவள் மனத்தில் பதிந்திருந்தன. தோற்றத்தை வைத்து ஒருவரை எடைபோடாதே என்று நூல் கற்பித்த பாடம் பதியவில்லை. பலமுறை படித்தல் வேறு, பாடத்தைக் கைக்கொள்ளுதல் வேறு என்பதை இப்படம் சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிடுகிறது.

இதே கருத்தை வேறொரு கோணத்தில் காட்டிய தொடர் ஒன்றும் உண்டு. 2008ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஐடிவி அலைவரிசை நான்கு பகுதிகளாக ஒளிபரப்பிய 'லாஸ்ட் இன் ஆஸ்டின்' என்பது அது. லண்டனில் வாழும் அமாண்டா என்னும் இரசிகையின் குளியலறைச் சுவரில் ஒரு கதவு திறக்கிறது. அதன் வழியே எலிசபெத் இந்நூற்றாண்டுக்கு வர, அமாண்டா புதினத்தினுள் போய்விடுகிறாள். கதை முழுதும் தெரிந்தவள் ஆதலால் எல்லாவற்றையும் உரிய வழியில் செலுத்த முயல்கிறாள். அவள் தலையிடத் தலையிடக் கதை தடம் மாறுகிறது. எலிசபெத்தின் அக்காள் காலின்ஸுக்கு மனைவியாகிறாள். தீயவன் என்று அமாண்டா அறிந்திருந்த விக்கம் அங்கே நல்லவனாகவும் நடந்துகொள்கிறான். நிகழ்ச்சிகளை மனப்பாடம் செய்தவளுக்கு மனிதர்கள் பிடிபடவில்லை. தேர்வுக்காகக் கதைச்சுருக்கத்தை மட்டும் படிக்கும் நம் மாணவர்க்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆஸ்டின் படைத்த இரசிகை

புத்தக உலகில் தன்னை மறந்த வாசகியைப் பற்றிய நகைச்சுவைக் காதற்கதையை ஜேன் ஆஸ்டினே எழுதியிருக்கிறார். 'நார்த்தாங்கர் அபி' என்பது அதன் பெயர். 'சூசன்' என்ற தலைப்பில் 1803ஆம் ஆண்டிலேயே அதைப் பதிப்பகம் ஒன்றுக்கு 10 பவுனுக்கு விற்றார். வாங்கியவர்கள் அச்சிடாமல் வைத்திருந்தனர். 1816ஆம் ஆண்டில் அதே தொகையைக் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. 1817ஆம் ஆண்டின் இறுதியில், ஆசிரியர் மறைந்த பின்னரே அந்நூல் வெளிவந்தது.

அதன் நாயகி கேத்தரின் மார்லண்ட் 17 அகவைப் பெண். ஆன் ராட்கிளிஃப் 1794ஆம் ஆண்டில் எழுதிய 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ' என்னும் அச்சமூட்டும் புதினத்தில் அவள் மூழ்கிக் கிடக்கிறாள். பாழடைந்த கோட்டை, கறுப்புத் திரை, சிறைப்பட்ட பெண் ஆகியன நிறைந்த நூல் அது. அவள் உள்ளங்கவர்ந்த ஹென்றி டில்னியின் வீடு முற்காலத்தில் ஒரு துறவியர் மடமாக இருந்தது. அங்கு விருந்துக்கு அழைக்கப்பட்டதும் உடால்ஃபோவுக்கே செல்வதாக அவள் பூரிக்கிறாள். இரவில், புயற்காற்றின் நடுவே, அறையிலிருந்த பழைய பேழையைத் திறக்கிறாள். உள்ளே ஒரு சுருள். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் அது சலவைக் கணக்கு! அதன்பின்னும் அவள் அடங்கவில்லை. வீட்டுத்தலைவரான படைத்தளபதி டில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்று ஐயுறுகிறாள். அந்த அம்மையாரின் அறைக்குத் தனியே சென்று பார்க்கும்போது ஹென்றி அவளைக் கண்டுவிடுகிறான். அவன் கடிந்து சொல்லிய சொற்களால் அவள் நாணிக் கண்ணீர் வடிக்கிறாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், புதினம் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்ற அக்காலப் பெரியோர் அறிவுரையாகவே அது நின்றிருக்கும். ஆஸ்டின் அவ்வாறு நிறுத்தவில்லை. தளபதி அவளை உபசரித்ததற்குக் காரணம் அவள் பெருஞ்செல்வி என்ற தவறான செய்தி. அது பொய்யென்று அறிந்ததும் அவளை உடனே வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். 70 மைல் தொலைவு. துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் அந்த இளம்பெண் பயணம் செய்து வீடு சேர்கிறாள். தளபதி கொலைகாரர் அல்லர், கொடியவரே. அந்த வீட்டில் ஏதோ தீமை உண்டு என்று கேத்தரினின் உள்ளம் கொண்ட ஐயம் வீணன்று. அந்தத் தீமையின் உருவத்தைத்தான் அவள் பிழையாகக் கண்டாள். கொடுமை என்றால் குத்துவாளும் கறுப்புத் திரையும் என்று அவள் படித்திருந்தாள். நல்ல உடையும் இனிய உணவும் உள்ள வீட்டில், பணக்கணக்கின் வடிவிலும் கொடுமை குடியிருக்கும் என்பதை அவள் படித்த நூல் சொல்லவில்லை. ஆஸ்டின் எழுதிய நூல் சொல்கிறது.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. கேத்தரினைத் திருத்திய ஹென்றி, புதினங்களை இகழ்பவன் அல்லன். உடால்ஃபோவைக் கையிலெடுத்தபின் கீழே வைக்க மனமின்றி இரண்டே நாளில் படித்து முடித்ததாக அவனே சொல்கிறான். அந்நூலிலேயே ஆஸ்டின் கதைப்போக்கைச் சற்று நிறுத்திவிட்டுப் புதினம் என்னும் இலக்கிய வகைக்காக வாதாடுகிறார். நாயகியின் மயக்கத்தைக் கண்டு நகைத்தவர், அவள் கையிலிருந்த நூலைப் பறிக்கச் சொல்லவில்லை.

தமிழ்த் திரையில் ஒரு மீனாட்சி

தமிழருக்கும் ஆஸ்டினுக்கும் நேர்த்தொடர்பு ஒன்று உண்டு. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' புதினத்தைத் தழுவி, ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூலநூலில் மரியான் என்னும் தங்கை கவிதைப் பித்துடையவள். கூப்பரின் கவிதையை உணர்ச்சியின்றிப் படிப்பவனை ஒருத்தி எவ்வாறு காதலிக்க முடியும் என்று வியப்பவள். தன் சுவையோடு முற்றும் ஒத்துப்போகும் வில்லோபியிடம் மனத்தை இழக்கிறாள். அவனோ 50,000 பவுன் உடைய வேறொருத்தியை மணந்துகொள்கிறான்.

தமிழில் மரியான் மீனாட்சியானாள். கூப்பர் இருந்த இடத்தில் பாரதி அமர்ந்தார். பாரதி கவிதையைப் பகிர்ந்து அவள் உள்ளத்தில் இடம்பெறும் ஸ்ரீகாந்த், நிதி நிறுவனம் நொடித்ததும் அமைச்சர் மகளை மணக்க இசைகிறான். போரில் காலை இழந்த படைவீரர் பாலாவின் அமைதியான அன்பை அவள் காலந்தாழ்த்தே உணர்கிறாள். தாத்தாவின் உயிலால் வீட்டை இழந்து சென்னைக்கு வரும் தாயும் மகள்களும் நமக்கு அயலார் அல்லர். இருநூறு ஆண்டுகளையும் கடலையும் கடந்து இக்கதை தமிழில் இயல்பாகப் பொருந்தியதற்குக் காரணம், உடையும் நடனமும் மாறியபோதும் சொத்தும் மணமும் பற்றிய கணக்கு மாறாமல் வந்ததே. ஒத்த கவிதையைச் சொல்பவன் ஒத்த மனத்தினன் என்ற நம்பிக்கையின் இனிமையும் ஆபத்தும் மீனாட்சியிடமும் விளங்குகின்றன.

இரண்டாம் வாசிப்பு

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நூலுள் மூழ்கிய மாணவரை நாம் என் செய்வது?

விடையை எலிசபெத்திடம் காணலாம். முதன்முறை மணம்பேசிய டார்சியை அவள் கடிந்து மறுத்துவிடுகிறாள். மறுநாள் அவன் ஒரு நீண்ட கடிதத்தைக் கொடுத்துச் செல்கிறான். முதல் வாசிப்பில் அதன் ஒரு சொல்லையும் அவள் நம்பவில்லை. விரைந்து படித்து மூடுகிறாள். சற்று நேரத்தில் மீண்டும் பிரிக்கிறாள். இம்முறை வரிவரியாகப் படிக்கிறாள். தான் அறிந்த நிகழ்ச்சிகளோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். விக்கம் சொன்னவற்றை ஏன் ஆராயாமல் நம்பினோம் என்று தன்னையே கேட்கிறாள். அந்த நாள்வரை தன்னைத் தான் அறியவில்லை என்று உணர்கிறாள். உலகம் போற்றும் அக்காதற்கதை ஒரு மறுவாசிப்பில்தான் திசை திரும்புகிறது.

ஆகவே நூலுக்குள் குடியேற விரும்பும் மாணவரிடம் வெளியே வா என்று அதட்டுவதில் பயனில்லை. இன்னும் உள்ளே போ என்று சொல்வதே ஆசிரியர்க்கு அழகு. நாயகியின் அறையைப் பார்த்துவிட்டாய், சமையலறையைப் பார்த்தாயா? நடனத்தைக் கண்டாய்; அந்த மெழுகுவத்திகளுக்குப் பணம் கொடுத்தவர் யார்? குதிரையை ஓட்டிவந்தவனுக்கு நூலில் பெயர் உண்டா? இந்நூலுள் நீ பிறந்திருந்தால் எந்தப் படியில் நிறுத்தப்பட்டிருப்பாய்? இவ்வினாக்களோடு இரண்டாம் முறை படிக்கும் மாணவர், நூலின்மீது கொண்ட அன்பை இழப்பதில்லை. அன்பு கொள்ள இன்னும் பல காரணங்களைக் காண்கிறார். இது ஆங்கிலப் புதினத்துக்கு மட்டும் உரிய முறையன்று. நீங்கள் வகுப்பில் கற்பிக்கும் எந்தக் கதைக்கும் பொருந்தும்.

ஆஸ்டின்லேண்ட் படத்தின் முடிவில் ஹேய்ஸ் தன் வீட்டுக்குத் திரும்புகிறாள். நோப்லி கடல் கடந்து அவளைத் தேடி வருகிறான். வேடமும் மாளிகையும் இல்லாத எளிய வீட்டில் அவர்கள் காதல் உறுதியாகிறது. நகைச்சுவைப் படத்திற்குரிய இனிய முடிவுதான். ஆயினும் அதற்கு முன்பே அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். பிறர் எழுதித்தந்த வேடத்தில் காத்திருப்பதை விட்டு, தன் கதையைத் தானே நடத்தத் துணிந்தாள். அந்தத் துணிவு எலிசபெத்தினுடையது. டார்சியைத் தேடிச் சென்றவள் எலிசபெத்தைக் கண்டுகொண்டாள் எனலாம்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் விரும்பும் நூலுக்குள் தயங்காமல் செல்லுங்கள். செல்லும்போது கண்களைத் திறந்து வைத்திருங்கள். ஒருமுறை படித்த நூலை அடுத்த ஆண்டிலும் எடுத்துப் படியுங்கள். நூல் மாறாதிருக்க, நீங்கள் எவ்வளவு மாறியிருக்கிறீர்கள் என்பதை அது உங்களுக்குச் சொல்லும்.